பத்தாயிரத்து ஏழு வீரர்கள்

முன்னொரு காலத்தில், வரிசை கோணினால் சோறு இறங்காத மன்னர் ஒருவர் இருந்தார். தம் பிறந்தநாளுக்கு அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. படை முழுவதும் பல வரிசைகளாக நிற்க வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை வேண்டும். படையில் ஒருவரும் விடுபடக் கூடாது, வெளியாள் ஒருவரும் நுழையக் கூடாது.

சேனாதிபதி கடம்பராயருக்கு மண்டை காய்ந்தது. அவர் எண்ணி வைத்திருந்த கணக்கு பத்தாயிரத்து ஏழு. அதுவோ பகா எண்; ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் பிரிக்க வராது. எப்படி நிறுத்தினாலும் கடைசி வரிசை மூளியாகத்தான் நிற்கும். அவருக்கு விகடகவி மருதவாணனைக் கண்டாலே ஆகாது. வந்த வினையை அவன் தலையில் கட்டினார்.

"இந்த நுட்பமான வேலைக்கு மருதவாணரே தகுந்தவர், மன்னா. முடியாவிட்டால் அவர் நாட்டை விட்டே போகட்டும்."

மன்னரும் தலையை ஆட்டிவிட்டார்.

மருதவாணன் தெருவெல்லாம் புளியங்கொட்டை வாங்கி வந்து, பத்தாயிரத்து ஏழை எண்ணி, வீட்டுத் தரையில் அடுக்கிப் பார்த்தான். ஐந்தும் ஏழும் காலை வாரின. ஆனால் மூன்று, நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது என்று அடுக்கியபோதெல்லாம் கடைசியில் சரியாக ஒரே ஒரு கொட்டைதான் குறைந்தது. எழுபத்திரண்டாக அடுக்கியும் அதே கதை.

மனைவி செங்கமலம் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "வண்டிக்குச் சொல்லவா, இல்ல கொட்டை வெளயாட்டு இன்னும் பாக்கி இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு கொறையுதுடி."

"படைய எண்ணுனது யாரு?"

"சேனாதிபதி."

"அந்த மனுசன் தன்னையும் சேத்து எண்ணுனாரா?"

மருதவாணன் துள்ளி எழுந்தான். அணிவகுப்பில் சேனாதிபதி குதிரைமேல் தனியே நிற்பதுதான் வழக்கம். அவரை யாரும் வரிசையில் எண்ணியதே இல்லை.

பிறந்தநாளன்று எழுபத்திரண்டு பேராக நூற்று முப்பத்தொன்பது வரிசைகள் நின்றன. கடைசி வரிசையின் ஓரத்தில் மட்டும் ஓர் இடம் காலி. மன்னர் முகம் சுளித்தார்.

"மருதவாணா, அது என்ன ஓட்டை?"

"வராதவரின் இடம், மன்னா. படையில் ஒருவரும் விடுபடக் கூடாது என்பது தங்கள் ஆணை. சேனாதிபதி படையைச் சேர்ந்தவர்தானா என்று அவரையே கேட்டருளுங்கள்."

கடம்பராயர் குதிரைமேல் நெளிந்தார். இல்லை என்றால் பதவி போகும். ஆம் என்றால் குதிரையை விட்டு இறங்க வேண்டும்.

"சேர்ந்தவன்தான், மன்னா" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போய் அந்த ஓரத்தில் நின்றார்.

பக்கத்து வீரன் கடைக்கண்ணால் பார்த்தான். "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க ஐயா, வரிசை கோணுது."

மன்னர் கிரீடம் நழுவும் அளவுக்குச் சிரித்தார். விரலிலிருந்த முத்து மோதிரத்தைக் கழற்றி மருதவாணனிடம் கொடுத்தார்.

வீட்டுத் தரையில் கொட்டைகள் அப்படியே கிடந்தன. மருதவாணன் காலியாயிருந்த கடைசி இடத்தில் மோதிரத்தை வைத்து, வரிசையைக் கண்குளிரப் பார்த்தான். செங்கமலம் அதை எடுத்துத் தன் விரலில் போட்டுக்கொண்டாள். மறுபடியும் ஒன்று குறைந்தது.