யாருக்கும் மழிக்காத கத்தி

அம்பலவாணன் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதில் இருவருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

மறுநாள் பௌர்ணமி. காலையில் அவருக்குத் தலை மழித்துக் காவி கொடுப்பதாக இருந்தது. மகள் போனில் அழுதிருந்தாள். "மனசு மாறினால் வந்துவிடுங்கள் அப்பா. மாடி அறை அப்படியேதான் இருக்கிறது."

அன்று மாலை அவர் குருவின் முன் போய் உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு குழப்பம்."

"நல்லது. என்ன குழப்பம்?"

"சாமான்கள் வைக்கும் உக்கிராண அறையைச் சுத்தம் செய்தபோது பழைய சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. ஒரே துரு. அதைச் சரி செய்தேன்."

"கோமதிநாயகம் சொன்னான்."

மடைப்பள்ளியில் சமைக்கும் கோமதிநாயகம் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துரு எடுத்தது, எருமைக்கொம்பில் புதுப் பிடி போட்டது, தினமும் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டித் தோல் வாரில் இழுப்பது, எல்லாம். "சாமியார் ஆகப்போகிறவர் கத்திக்குத் தாலாட்டுப் பாடுகிறார்" என்று கேலியும் செய்தான்.

"தீட்டும்போது முதலில் கரகரவென்று சத்தம் வரும் சாமி. அப்புறம் மெலியும். ஒரு கட்டத்தில் சத்தமே இருக்காது. கத்தி கல்லோடு ஒட்டிக்கொண்டு நகரும். அந்த நேரத்தில் எனக்கு..."

நிறுத்தினார்.

"ஜபத்தில் அது வருவதில்லை. எல்லாவற்றையும் விடத்தானே இங்கே வந்தேன்? ஒரு இரும்புத் துண்டை விட முடியவில்லை. நாளைக்கு நான் காவிக்கு உட்காரலாமா, கூடாதா?"

குரு தாடையைத் தடவிக்கொண்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் மடத்தில் மழிப்பு. ஒரு மாதத் தாடி.

"கத்தியை எடுத்து வாருங்கள். எனக்கு மழித்துவிடுங்கள்."

"இப்போதா? காலையில் முடிதிருத்துகிறவர் பிளேடோடு வருவாரே."

"அவர் வரும்போது வரட்டும்."

அம்பலவாணன் கத்தியைக் கொண்டுவந்தார். குரு முகத்தை நனைத்துக்கொண்டு தயாராக இருந்தார். அம்பலவாணன் மடக்கிய கத்தியைத் திறக்கவில்லை.

"என்ன யோசனை?"

"தாடி தடிப்பாக இருக்கிறது சாமி. கூர் போய்விடும்."

"இதுவரை இதால் யாருக்கு மழித்தீர்கள்?"

"யாருக்கும் இல்லை."

"உங்களுக்கு?"

"எனக்கு பிளேடுதான்."

குரு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

வலது கன்னம் சுலபமாக வந்தது. மோவாயில் கத்தி இழுத்தது. இடது காதுக்குக் கீழே ஒரு சொட்டு ரத்தம்.

"ஐயோ, சாமி!"

"உயிர் இருக்கிறது. மழியுங்கள்."

முடித்ததும் அம்பலவாணன் கத்தியைக் கழுவித் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கூரான விளிம்பு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இப்போது வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி, சொன்னால் கோபிக்கக் கூடாது."

"சொல்லுங்கள்."

"கூர் போய்விட்டது. மனசு வலிக்கும் என்று பார்த்தேன். வலிக்கவில்லை. எப்போது கல்லில் போடலாம் என்று கை பரபரக்கிறது. விட்டுத் தொலைக்கத்தான் சாமி வழி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது முன்னைவிட மோசமாகிவிட்டேன்."

குரு காதுக்குக் கீழே ஈரத் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார்.

"என் கேள்விக்குப் பதில் வரவில்லையே சாமி. காலையில் நான் உட்காருவதா? மகள் வீட்டுக்குப் போவதா?"

"நாளைக்கு உங்கள் தலையை நான்தான் மழிக்கப்போகிறேன். இதே கத்தியால்" என்றார் குரு. "எனக்குப் பழக்கம் கிடையாது. நன்றாகத் தீட்டி வையுங்கள்."