முட்டுக்கட்டைக்காரரின் பாதம்

தேரை இழுக்க ஊரே திரண்டு வரும். நிறுத்துவதற்கு ஓர் ஆள்தான். அந்த ஊரில் அந்த ஆள் ஆவுடையப்பன். உருண்டு வரும் சக்கரத்தின் முன்னால் முட்டுக்கட்டையைச் செருகி, அவ்வளவு பெரிய தேரைத் தடுக்கவும் திருப்பவும் அவரைவிட்டால் ஆளில்லை என்று ஊர் நம்பியது. அவரும் அதைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார்.

ஆற்றங்கரை மடத்தில் இருந்த உலகம்மைக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. ஆனாலும் அவளைத்தான் அவர் குருவாக வரித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு அவள் 'அம்மை'. அவர் 'தாயே' என்பார். அவள் 'அண்ணாச்சி' என்பாள்.

கோயிலில் கொடியேறிய மறுநாள் சாயங்காலம், கையில் காப்பும் வெறுங்காலுமாக ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"தாயே, ஒரு சந்தேகம். நோயை ஜெயிச்சாச்சுன்னு எப்போ சொல்லலாம்?"

"எந்த நோயை அண்ணாச்சி?"

"சுகரைத்தான். போன மாசம் ரத்தம் குடுத்துப் பாத்தேன். அளவெல்லாம் சரியா இருக்குன்னுட்டாக. அன்னைக்கே மாத்திரையை விட்டுட்டேன்."

"டாக்டரா விடச் சொன்னாரு?"

"அவரு எதுக்குத் தாயே? என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

சுகர் வந்த நாள்முதல் அவருக்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். பாகற்காய் என்றார்கள், வெந்தயம் என்றார்கள், ஆவாரம்பூ என்றார்கள். அத்தனையும் கேட்டுக் களைத்த மனிதரிடம் இன்னொரு வாய் எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, அம்மை எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மடத்துக்கு வருகிறவர்கள் வாசற்படியில் தாங்களே கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவது வழக்கம். அன்று அம்மை அவரைப் படியில் உட்காரவைத்து, தானே அவர் காலைப் பிடித்தாள்.

ஆவுடையப்பன் பதறிப்போனார். "வேண்டாம் தாயே. நீங்க என் காலைத் தொட்டா எனக்குப் பாவம் வந்து சேரும்."

"வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம். காலை நீட்டுங்க."

கழுவிய தண்ணீர் படியில் சிவப்பாக இறங்கியது.

"குங்குமமா தாயே? கோயில்ல மிதிச்சிருப்பேன்."

அம்மை அவர் பாதத்தைத் திருப்பி, குதிகாலுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு முள்ளை மெல்ல இழுத்தாள். கருவேல முள். அதை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எப்போ ஏறிச்சு?"

"தெரியலையே."

"வலிச்சிருக்குமே?"

"இல்லையே தாயே." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முள் காலுக்குள் இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. வந்தபோது இருந்த பூரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எங்க அப்பாவுக்கும் சுகர்ல கால் மரத்து இப்படித்தான் ஆரம்பிச்சது. ஒரு சின்னப் புண்ணு. பொறவு முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாக."

அம்மை சுத்தமான துணியால் காயத்தைச் சுற்றிக் கட்டினாள். அவர் கண் கலங்கியதைப் பார்த்து அவளுக்கும் மனசு கனத்தது.

"நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? குடி கிடையாது, ஒருத்தர் வயித்தெரிச்சலை வாங்கினது கிடையாது. எனக்கு ஏன் தாயே இது வரணும்?"

"மேலத்தெரு திருப்பத்துல ஒரு சரிவு உண்டுல்லா அண்ணாச்சி?"

"உண்டு."

"அது யாரு செஞ்ச பாவம்?"

"தெருவுக்கு ஏது பாவம்? நிலம் அப்படி வாச்சிருக்கு."

"அங்க தேர் வந்தா என்ன செய்வீக?"

"தெரிஞ்ச சரிவுதானே. முந்தியே கட்டையைப் போட்டுருவேன்."

"போட்டா தேர் நின்னுரும்?"

"அசையாது."

"அப்போ நின்னதும் கட்டையை எடுத்துக்கிட்டு நீங்க வீட்டுக்குப் போயிரலாமே."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன இருந்தாலும் தேர் விஷயம் அம்மைக்குத் தெரியாதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

"அதெப்படித் தாயே? கட்டை கிடக்கதாலதான் அது நிக்குது. எடுத்தா உருளும். தேர் நின்னுட்டா சரிவு இல்லாம போயிருமா? கொஞ்சம் நகந்ததும் மறுபடி போடணும். அதுக்கு அடுத்தாப்லயும் போடணும்."

"எதுவரைக்கும்?"

"தேர் நிலைக்கு வந்து சேருத வரைக்கும் கட்டையைக் கையை விட்டு வைக்க முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது. கையிலிருந்த முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிறகு அவரே பேசினார். "தேர் அசையுததுக்கு முன்னால தரை அதிரும் தாயே. அதை முதல்ல சொல்லுதது காலுதான். கண்ணெல்லாம் பொறவுதான். இந்தக் காலு முள்ளையே சொல்லலையே. தேரோட்டத்தன்னைக்குச் சக்கரம் வருதுன்னு மட்டும் சொல்லுமா?"

முள்ளைப் படியோரமாக வைத்தார்.

"இந்த வருசம் கட்டையை என் தம்பி மாசானத்துகிட்ட குடுத்துருதேன்." அதைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். யானைக்கும் அடி சறுக்கும் என்று நாளைக்கு ஊர் பேசும். பேசட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"குடுங்க. கண்ணும் குரலும் உங்களுதுதானே? தள்ளி நின்னு எந்த இடத்துல போடணும்னு சொல்லுங்க. உங்க சத்தம் இல்லாம மாசானத்துக்குக் கை ஓடாது." அம்மை எழுந்தாள். "இப்பவே டாக்டர்கிட்டப் போயிக் காலைக் காட்டுங்க. மாத்திரையை விட்டதையும் மறைக்காம சொல்லிருங்க. ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்புதேன்."

உள்ளே போனவள் மடத்துச் செருப்பு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். ஆவுடையப்பன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பைத் தூக்கிக் காட்டினார்.

"காப்புக் கட்டியிருக்கேன் தாயே. தேரோட்டம் முடியுத வரைக்கும் செருப்பு ஆகாது. சாமி தெருவுல வரும்போது நான் செருப்புக் காலோட நின்னா குத்தமில்லையா?"

அம்மை குனிந்து, கட்டுப் போட்ட பாதத்தை மெதுவாகத் தூக்கிச் செருப்புக்குள் வைத்தாள்.

"அந்தச் சாமியே தேரோ வாகனமோ இல்லாமத் தெருவுல இறங்குததில்ல, அண்ணாச்சி."