ஆறட்டும்

பொள்ளாச்சியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த நஸ்ரினிடம் சிஷ்யராகச் சேர்ந்த பொன்னுரங்கம் அவரைவிட இருபது வயது மூத்தவர். கார்புரேட்டர் வண்டி என்றால் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். சென்சார் வண்டிகள் வந்தபிறகு மனுஷருக்குக் கை ஓடவில்லை. வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "கத்துக்குடுங்க அம்மணி" என்று வந்து நின்றார். அந்த ஒன்றுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

வந்த மாதமே ஸ்டெல்லா டீச்சரின் கார் அவர் கைக்கு வந்தது. பதினாறு வருஷத்து வண்டி. நன்றாக ஓடும், திடீரென்று நடுரோட்டில் அணைந்துவிடும். அரைமணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். டீச்சரின் கணவருக்கு வாரம் மூன்று நாள் கோவையில் டயாலிசிஸ். போன செவ்வாய்க்கிழமை ரயில்வே கேட்டில் வண்டி படுத்துவிட, அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கிளம்பணுமுங்க. இன்னொரு தடவை அவர் தாங்க மாட்டாரு" என்று இன்று காலைதான் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார் டீச்சர்.

பொன்னுரங்கம் பெட்ரோல் பம்ப்பை மாற்றிப் பார்த்தார். ஃபில்டரை மாற்றினார். ஒன்றும் எடுபடவில்லை. ஸ்கேனரைப் போட்டால் அது கிராங்க் சென்சாரையே காட்டியது. எஞ்சின் சுற்றுவதைக் கணக்கெடுத்துச் சொல்கிற சின்னச் சாமான் அது. மீட்டர் வைத்து அளந்தால் சென்சாரில் ஒரு குறையும் இல்லை.

"மூணு தடவை பார்த்தாச்சு அம்மணி. சென்சார் நல்லாத்தான் இருக்குது. ஸ்கேனர் புளுகுது."

"எப்பப் பார்த்தீங்க?"

"முந்தாநாள், நேத்து, இன்னைக்குக் காலைல."

"எப்பப் பார்த்தீங்கண்ணா?"

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. "அதான் சொன்னேனுங்களே! ஒவ்வொரு தடவையும் எஞ்சின் நல்லா ஆறினப்புறம் பார்த்தேன். கொதிக்கிற எஞ்சின்ல எவனாவது கை வெப்பானா?"

நஸ்ரின் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க" என்றார்.

உச்சி வெயில். உடுமலை ரோட்டில் இருபது நிமிஷம் ஓடியிருக்கும். ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வண்டி பொசுக்கென்று அணைந்தது. பொன்னுரங்கம் இறங்கி பானெட்டைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது. முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"ஆறட்டுமுங்க."

நஸ்ரின் மீட்டரை நீட்டினார். "இப்பப் பாருங்க."

"கை வெந்துருமுங்க."

"அப்ப நான் பார்க்கட்டுமா?"

மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டார். துணியையும் மீறிச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தார். காலையில் காட்டிய எண் இல்லை. எந்த எண்ணுமே இல்லை.

"செத்துக் கிடக்குதுங்க!"

நஸ்ரின் குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து சென்சார்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். காத்திருந்தார்கள். மீட்டரில் எண் திரும்பி வந்தது. ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது.

பொன்னுரங்கம் அங்கிருந்த மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஸ்கேனர் புளுகலைங்க அம்மணி. மூணு நாளா நான்தான் புளுகியிருக்கேன்."

"கைக்கு மருந்து போடுங்க" என்றார் நஸ்ரின்.

மருந்து போட்ட கையோடு புதுச் சென்சார் வாங்கி வந்தார். பழையதைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தின் பிசுக்கையெல்லாம் துடைத்து, புதியதை அவரே மாட்டினார். யாரையும் பக்கத்தில் விடவில்லை.

நாலு மணிக்கு ஸ்டெல்லா டீச்சர் வந்தார். "சரியாயிடுச்சுங்களா?"

"ஆச்சுங்க டீச்சர்! இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணி…" பொன்னுரங்கம் பாதியில் நிறுத்தினார். குருவைத் திரும்பிப் பார்த்தார். குரு தலை நிமிராமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க டீச்சர். நான் இன்னும் பார்க்கலை. ஏறுங்க."

எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும் என்று ஏசியைப் போட்டுக்கொண்டு கிணத்துக்கடவு வரை போனார். திரும்பினார். மறுபடியும் போனார். கடைசியில் அதே ரயில்வே கேட். கேட் சாத்தியிருந்தது. எஞ்சினை அணைக்காமல் நின்றார். கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் பாட்டுக்கு ஓடியது.

கேட் திறந்தபோது பொன்னுரங்கம் கேட்டைத் தாண்டி ஓரங்கட்டினார். வேண்டுமென்றே எஞ்சினை அணைத்தார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க!" என்று பதறினார் டீச்சர்.

பொன்னுரங்கம் சாவியைத் திருப்பினார். பிடித்துக்கொண்டது. ஐந்து தடவை அணைத்து ஐந்து தடவை எழுப்பினார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னுரங்கம் இறங்கி, பானெட்டுக்குள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே போனை எடுத்தார்.

"அம்மணி, அதே கேட்டுல நிக்கறோமுங்க. எஞ்சின் கொதியாக் கொதிக்குது. இப்பப் பார்த்தேனுங்க."

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பச் சாவியைக் குடுத்துருங்கண்ணா."