தரையில் வைத்த உழவாரன்

மேலப்பட்டணத்து அரசன் கோதண்டவர்மன் நல்லவன். வாய்தான் கொஞ்சம் அகலம். விருந்தில் அண்டை நாட்டுத் தூதர் பூவராகர், "எங்கள் பறவையை முந்த உங்களிடம் ஒன்றும் கிடையாது" என்றதும், "நாங்கள் முந்தாவிட்டால் பெரிய ஏரியின் தண்ணீர் உங்களுக்கு!" என்று சொல்லிவிட்டான். கோடை நடுவில் சொன்ன சொல். ஊருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் விகடகவி அழகியநம்பி தூதர் கொண்டுவந்த கூடைக்குள் எட்டிப் பார்த்தான். உழவாரன் குருவி. அரிவாள்போல் வளைந்து நீண்ட ஒடுங்கிய சிறகு. இருக்கிறதா என்று தேடவேண்டிய கால். கூடையின் பக்கத்தைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கிருந்து பறக்கவிடுவீர்கள், ஐயா?"

"கோபுரத்து மாடத்திலிருந்து வீசுவேன். அப்புறம் கண்ணுக்கே அகப்படாது."

நம்பி அரசன் பக்கம் திரும்பினான். "மன்னா, மடைப்பள்ளியில் ஒரு கௌதாரி இருக்கிறது."

"அடேய், அது என் மதியச் சாப்பாடு!"

"இன்று கீரை சாப்பிடுங்கள்" என்ற நம்பி, தூதரிடம் கைகூப்பினான். "ஐயா, எங்கள் சபை வழக்கம் ஒன்று. மல்லனோ குதிரையோ, போட்டிக்கு வந்தவர் அரசர் காலடியில் தரை தொட்டு வணங்கி, அங்கிருந்தே கிளம்பவேண்டும்."

"மாடத்தில் வைத்தால் என்ன, மண்ணில் வைத்தால் என்ன? எதிர் மதில்வரைதானே?" தூதர் சிரித்தார்.

சங்கு முழங்கியது. கௌதாரி குட்டையான அகலச் சிறகைப் படபடவென்று அடித்து, நின்ற இடத்திலிருந்தே விருட்டென்று எழும்பி மதில்மேல் போய் உட்கார்ந்தது. உழவாரனும் அடித்தது. நீண்ட சிறகின் நுனி கல்தரையில் மோதியது. உந்தி எழக் காலில் பலமில்லை. காற்றைத் தவிர வேறெதையும் அறியாத அந்தப் பறவை, சிந்திய மைபோல் தரையில் பரந்து கிடந்தது.

"மோசம்! சூழ்ச்சி!" தூதர் குதித்தார்.

நம்பி அதை மெல்ல எடுத்து உயரே வீசினான். ஒரு கோடு. அவ்வளவுதான் தெரிந்தது.

"பார்த்தாயா? வானத்தில் இதை ஜெயிக்க முடியுமா உன் கௌதாரியால்?"

"சத்தியமாய் முடியாது, ஐயா. வானம் முழுக்க உங்களுக்கே; தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏரி மட்டும், பாருங்கள், தரையில் கிடக்கிறது."

அரசன் சிரித்த சிரிப்பில் தோளில் கிடந்த பட்டு நழுவியது. அதை அப்படியே எடுத்து நம்பிக்குப் போர்த்திவிட்டான்.