கை படாத உணவு

மதுரையில் சுல்தான்கள் ஈசல் போல வந்து போன காலம் அது. முந்தியவர் விஷத்தில் செத்தது தெரியவந்ததால், பட்டமேறி இருபதே நாளான புது சுல்தான் மூன்று நாளாக எதையும் வாயில் வைக்கவில்லை.

"மனிதக் கை படாத உணவு கொண்டு வா. இல்லையென்றால் உன் தலை தங்காது" என்று சமையற்காரன் உதுமானிடம் சொன்னார். அவன் கையால் தின்று கொழுத்த பிரபுக்கள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

உதுமான் ஓர் இளநீரையும் அரிவாளையும் கொண்டுவந்து வைத்தான்.

"உள்ளே இருப்பதை யாரும் தொட்டதில்லை, ஹுசூர்."

"யார் வெட்டுவது?"

"நீங்கள்தான். நான் வெட்டினால் என் கை பட்டுவிடுமே."

போர்க்களத்தில் தலை சீவியவரால் இளநீரைச் சீவ முடியவில்லை. அது உருண்டு உருண்டு ஓடியது, கம்பளம்தான் கிழிந்தது. வியர்த்து, தாகம் பொறுக்காமல், "நீயே வெட்டித் தொலையடா" என்று அரிவாளை நீட்டினார்.

உதுமான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, நாலு சீவலில் கண் திறந்து கொடுத்தான். சுல்தான் ஒரே மூச்சில் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

"ஹுசூர், இவ்வளவு நேரமும் உங்கள் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி அரிவாளோடு இருந்தேன். எனக்கு விஷம் எதற்கு?"

பிரபுக்களின் முகம் வெளுத்தது. சுல்தான் அவனையும் அரிவாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார்.

"போய்ச் சோறு வடி."

அவர் ஆட்சி அடுத்து வந்த ஆடி மாதத்தைத் தாண்டவில்லை. பிரபுக்களே அதை முடித்து வைத்தார்கள். ஆனால் இருந்தவரை வயிறாரச் சாப்பிட்டார்.