மொட்டப்பனைவிளையில் அந்திக்கிறிஸ்து தேர்தல்

மொட்டப்பனைவிளைக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒருவர் ஒரு காரியம் சொன்னால் அதைச் சொன்னபடியே செய்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அதற்குப் பெயர் முட்டாள்தனம் என்றால் கீழ்ப்படிதலுக்கு என்ன பெயர்? நடந்ததைச் சொல்லுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் வேதக்கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடக்கும். அந்த வருஷம் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மூன்று நாளும் அந்திக்கிறிஸ்துவைப் பற்றியே பேசினார். உலகம் முடியப் போகிற காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராளியாக ஒருத்தன் வருவான், நல்லவன் போலப் பேசி உலகத்தையே மயக்குவான் என்பது நம்பிக்கை. அவனுக்குத்தான் அந்தப் பெயர்.

"வெள்ளைக் குதிரையில் வருவான்! தலையில் பட்ட காயம் ஆறியிருக்கும்! சமாதானம் பேசுவான்! எல்லாரும் அவனைப் புகழ்வார்கள்! கடைசியில் ஆலயத்துக்குள்ளேயே வந்து உட்காருவான்! நெற்றியிலும் வலது கையிலும் முத்திரை போட வருவான், காட்டிவிடாதீர்கள்! விழித்திருங்கள்! அவனை ஊருக்குள் விடாதீர்கள்!" என்று மேஜையைக் குத்தினார். பிறகு கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போய்விட்டார். பொறுப்பு கமிட்டி தலையில் விழுந்தது.

கமிட்டி என்றால் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் மாசிலாமணி, பலசரக்குக் கடைக்காரர். உறுப்பினர் ஞானசிகாமணி, பாதி அகராதியைப் படித்தவர். மீதிப் பாதியைக் கறையான் படித்துவிட்டது. மூன்றாவது ஆள் எலியேசர், கோயில் மணி அடிக்கிறவர். அவர் கமிட்டியில் உறுப்பினர் இல்லை. ஏழு தேர்தலில் நின்று ஏழிலும் தோற்றவர். ஆனாலும் ஒரு கூட்டத்துக்குக்கூட வராமல் இருந்ததில்லை.

"ஊருக்குள்ள விடாதீங்கன்னாரு. எப்படி விடாம இருக்க?" என்றார் மாசிலாமணி.

"போர்டு வைப்போம்" என்றார் ஞானசிகாமணி. "படிச்சிட்டுத் திரும்பிப் போயிருவான்."

"அவனுக்குத் தமிழ் தெரியுமாவே?"

"உலகத்தையே மயக்கப் போறவன், தமிழ் தெரியாமலா வருவான்?"

அது நியாயமாகப் பட்டது. பஸ் நிறுத்தத்தில் போர்டு வைத்தார்கள். 'அந்திக்கிறிஸ்து உள்ளே வர அனுமதி இல்லை. இப்படிக்கு, கமிட்டி.' போர்டுக்குக் கீழே எலியேசர் நின்றுகொண்டு பஸ்ஸில் இறங்குகிறவர்களையெல்லாம், "நீங்க அந்திக்கிறிஸ்துவா?" என்று மரியாதையாகக் கேட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் "இல்லண்ணே, கேஸ்" என்றான். அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

விழித்திருங்கள் என்று சொன்னபடியால் ஜெபத்தின்போது யாரும் கண்ணை மூடவில்லை. ஆனால் கண்ணை மூடாமல் ஜெபிப்பதும் எங்களுக்குப் பழக்கமில்லை. ஞானசிகாமணி வழி சொன்னார். ஆண்கள் வலது கண்ணையும் பெண்கள் இடது கண்ணையும் மூட வேண்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபை முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்தபடியே பரமண்டல ஜெபம் சொல்லி முடித்தது. இரண்டு குடும்பங்களில் சண்டை வந்தது.

முத்திரைக்குப் பயந்து எல்லாரும் நெற்றியில் துண்டைக் கட்டி, வலது கையை மஞ்சள் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். சாப்பிடும்போதும் கழற்றவில்லை. ரசம் வரைக்கும் சமாளித்துவிட்டோம். பாயசத்தில்தான் மிகவும் கஷ்டப்பட்டோம்.

இந்த நிலையில் வந்தது எப்சிபாவின் கல்யாணம்.

எப்சிபா மாசிலாமணியின் ஒரே மகள். முப்பத்திரண்டு வயது. கமிட்டியின் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள் அவள்தான். எட்டு வரன் வந்து எட்டும் அப்பாவால் தட்டிப்போனது. ஒரு வீட்டார் பெண்ணின் போட்டோ கேட்டதற்கு, "இதுலதான் நல்லா சிரிச்சிருக்கா" என்று அவள் மூன்று வயதுப் படத்தை அனுப்பி வைத்த மனுஷன் அவர்.

ஒன்பதாவதாக வந்தவர் ஜெயசீலன், கொம்மடிவிளையில் எலெக்ட்ரீஷியன். ஆறு மாதமாக இருவரும் போனில் பேசிப் பழகி, ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள். கல்யாணம் பத்தரை மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு ஐயர் வேறொரு ஊரில் கல்யாணம் நடத்தப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆசீர்வதிக்கிறவர்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. வெள்ளை வேன்.

எலியேசர் நோட்டை மூடினார். "வெள்ளையா இருக்கு வே!"

"குதிரைன்னுதானே சொன்னாரு? இது வேன்லா" என்றார் ஞானசிகாமணி. டிரைவரிடம் போய், "தம்பி, இந்த வண்டி எத்தனை குதிரைச் சக்தி?" என்று விசாரித்தார்.

"எழுபது சார்."

ஞானசிகாமணி முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். "ஒரு குதிரைன்னாரு. எழுபதோட வந்திருக்கான்."

மாப்பிள்ளை இறங்கினார். நெற்றியில் ஒரு தழும்பு. போன மாதம் கம்பத்திலிருந்து விழுந்து மூன்று தையல் போட்டதாம். "காயம் நல்லா ஆறிட்டுதா மாப்ளே?" என்று யாரோ கேட்க, "ஆறிட்டுது மாமா" என்றார் அவர். அவருடைய அத்தைமார் நாலு பேரும், "எங்க சீலனைப் போலத் தங்கமான பிள்ளை உலகத்துல கிடையாது" என்று போட்டி போட்டுக்கொண்டு புகழ்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து, காப்பியில் சீனி இல்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் சமையல்காரருக்கும் வாய்ச்சண்டை. ஜெயசீலன் நடுவில் புகுந்து, "விடுங்க சித்தப்பா, கல்யாண வீட்ல சமாதானமா இருப்போம்" என்றார்.

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சமாதானம் பேசிட்டானே! எட்டுப் போயி ஒம்பதாவதா ஒருத்தன் கிடைச்சான்னு சந்தோஷப்பட்டேன். அவன் அந்திக்கிறிஸ்துவால்லா இருக்கான்! எனக்கு வர்ற மருமகனெல்லாம் ஏன்தான் இப்படி இருக்கானுவளோ!"

"அழாதீரும். இன்னும் ஒரு அடையாளம் பாக்கி இருக்கு" என்று தேற்றினார் ஞானசிகாமணி. "ஆலயத்துக்குள்ள உட்காரணும்."

எலியேசர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, பீடத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைக்குன்னு நாற்காலியே போட்டிருக்கே! ரிப்பன் கட்டினது நான்தான் வே!"

மூன்று பேரும் ஓடிப்போய்க் கோயில் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றார்கள். உள்ளே ஐயர் இருந்தார். அதை அவர்கள் கவனிக்கவில்லை.

பத்தே முக்காலாயிற்று. மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக வெயிலில் நின்று வேர்த்துக் கொட்டினார். ஜன்னல் கம்பி வழியாக ஐயர், "கதவைத் திறங்கய்யா!" என்று கத்தினார்.

"திறக்க முடியாது ஐயரே. ஊருக்குள்ள விட்டுட்டோம், தப்புதான். கோயிலுக்குள்ள விட மாட்டோம்" என்றார் எலியேசர்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காரியம் தெரிந்தது. "என் பிள்ளையைப் பாத்து என்ன வார்த்தை சொல்லுதானுவ! வேனைத் திருப்புப்பா!" என்று சேலையை இழுத்துச் செருகினார். டிரைவர் வண்டியை எடுத்தான். எழுபது குதிரையும் உறுமியது.

எப்சிபா வெள்ளைச் சேலையும் முக்காடுமாகக் காரிலிருந்து இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அத்தை, ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. இவரை விட்டா எனக்கு வேற மாப்பிள்ளை வேண்டாம். இந்த அப்பா இருக்கிற வரைக்கும் கிடைக்கவும் மாட்டார்" என்றாள். பிறகு கமிட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இவரு எந்தச் சபை?"

"கொம்மடிவிளைச் சபை."

"வெளிச்சபைக்காரர் யாரும் நம்ம சபையில எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாதுன்னு நாலு வருஷத்துக்கு முன்னாடி தீர்மானம் போட்டீங்களா இல்லையா? நான்தானே எழுதினேன்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆமாவே" என்றார் ஞானசிகாமணி மெதுவாக. "நான் வழிமொழிஞ்சேன்."

"அப்போ இவரு எப்படி இங்க அந்திக்கிறிஸ்துவா இருக்க முடியும்?"

"சட்டப்படி முடியாது" என்று ஒப்புக்கொண்டார் மாசிலாமணி. முகத்தில் உயிர் வந்தது. உடனே போயும்விட்டது. "ஆனா பதவி காலியா இருக்கேம்மா. காலியா இருந்தா வேற எவனாவது வந்து உட்கார்ந்துருவானே."

"அப்போ நம்ம சபையிலேயே ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து உட்கார வச்சிருங்க" என்றாள் எப்சிபா. அவள் ஆத்திரத்தில் சொன்னாள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கமிட்டி அதைத் தீர்மானமாக எடுத்துக்கொண்டது.

"யார் நிக்கிறீங்க?" என்று மாசிலாமணி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

எலியேசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதவின்னா நான் நிக்கேன்."

"வேற யாரும் இல்லாட்டா எலியேசர் போட்டியின்றி..."

"அதெப்படி?" என்று பாய்ந்தார் ஞானசிகாமணி. "ஏழு தேர்தல்ல தோத்தவன் போட்டியில்லாம ஜெயிக்கிறதா? என் பேரையும் எழுதும்!"

இரண்டு பேரும் கோயில் படியில் ஏறி நின்று ஓட்டுக் கேட்டார்கள். "நான் படிச்சவன். உலகத்தை ஏமாத்தக் கொஞ்சமாவது இங்கிலீஷ் வேணும். எலியேசருக்குக் கையெழுத்தே ஒழுங்காப் போடத் தெரியாது, இவன் எங்க முத்திரை போடப் போறான்?" என்றார் ஞானசிகாமணி.

"நான் வந்தா யாருக்கும் முத்திரை போட மாட்டேன். மணி மட்டும் நேரத்துக்கு அடிப்பேன்" என்றார் எலியேசர். பெண்கள் பக்கத்தில் கைதட்டல்.

கல்யாணக் கார்டைக் கிழித்து ஓட்டுச் சீட்டாக்கினார்கள். காணிக்கைப் பைதான் ஓட்டுப்பெட்டி. சபையார் மட்டும் ஓட்டுப் போட்டோம். ஐயர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "யாராவது ஜெயிச்சுத் தொலைங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே போட்டார். நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். அது ரகசிய வாக்கெடுப்பு.

எப்சிபா எண்ணினாள். ஞானசிகாமணிக்கு ஐம்பத்தெட்டு. எலியேசருக்கு அறுபத்தொன்று. ஒரு சீட்டில் மட்டும் 'மாசிலாமணி' என்று எழுதியிருந்தது. அது யார் கையெழுத்து என்று மாசிலாமணிக்குத் தெரியும். அதே கையெழுத்தில் முப்பத்தைந்து வருஷமாக வீட்டிலிருந்து கடைக்குச் சாமான் சீட்டு வந்துகொண்டிருக்கிறது. செல்லாத ஓட்டு என்று மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எலியேசர் குழந்தை மாதிரி அழுதார். "ஏழு தடவை தோத்தவனைத் தூக்கி விட்டுட்டீங்களே! இந்த நன்றியை மறக்க மாட்டேன்" என்று நாலு திசையும் கும்பிட்டார். மாப்பிள்ளைக்கு வைத்திருந்த மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்கள். கதவைத் திறந்தார்கள். மணி பதினொன்று இருபது.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. ஒரு சின்னச் சிக்கல்தான். அந்திக்கிறிஸ்து ஆலயத்துக்குள் உட்கார வேண்டும் என்று விதி இருக்கிறதே! எலியேசர் நேராகப் போய் ரிப்பன் கட்டின நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப முடியவில்லை. ஐயரும் நேரமாகிறதென்று விட்டுவிட்டார். இன்றைக்கும் அவர்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால், நடுவில் எப்சிபா, பக்கத்தில் மாலையோடு அந்திக்கிறிஸ்து, பின்னால் நின்றபடி மாப்பிள்ளை. வாக்குக் கொடுத்தது நின்றவர்தான், யாரும் சந்தேகப்பட வேண்டாம். எப்சிபா சிரித்தாள் பாருங்கள், அந்த மூன்று வயதுப் படத்தில்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானமே ஊரார் துண்டை அவிழ்த்து, மஞ்சள் பையைக் கழற்றிவிட்டு, பாயசத்தைக் கையால் வழித்து நக்கினோம்.

அடுத்த வருஷம் அதே பிரசங்கியார் மறுபடியும் வந்தார். மேஜையைக் குத்தி, "அந்திக்கிறிஸ்து! அவன் இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா?" என்று கர்ஜித்தார்.

சபை மொத்தமும் திரும்பி மணிக்கூண்டுப் பக்கம் கை காட்டியது.

எலியேசர் மணிக்கயிற்றை விட்டுவிட்டு அடக்கமாக முன்னால் வந்தார். "நான்தான் ஐயா. மூணு வருஷப் பதவி, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்."

"ஐயா, நம்பாதீங்க!" என்று எழுந்தார் ஞானசிகாமணி. "அந்தத் தேர்தல் செல்லாது! கேஸ் போட்டிருக்கேன்! உண்மையான அந்திக்கிறிஸ்து நான்தான்!"

பிரசங்கியார் கோழிக்குழம்புக்குக்கூட நிற்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். மூச்சு வாங்க அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தார். பழைய போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, சட்டத்துக்குப் பொருத்தமாகக் கமிட்டி திருத்தி எழுதியிருந்தது:

'வெளியூர் அந்திக்கிறிஸ்துகள் உள்ளே வர அனுமதி இல்லை. இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.'