உலகம்மா மாட்டின ஃபேன்

ஒரு ஊர்ல ஒரு புருஷன் பொண்டாட்டி. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு ட்டி, ம் மட்டும் கொட்டு. நடுவுல கேள்வி கேட்டே, கதையை அப்படியே நிறுத்திருவேன். புருஷன் பேரு சண்முகையா. கோயில் கொடைத் திருவிழான்னாலும் சரி, நாளைக்குத் தண்ணி வராதுன்னாலும் சரி, ஆட்டோவுல மைக்கைப் பிடிச்சு ஊருக்கே சொல்லுறவன் அவன்தான். பொண்டாட்டி உலகம்மா, வீட்டுலேயே கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுக் கொடுப்பா. அவங்களுக்கு உன் வயசுல ஒரு பிள்ளை, வள்ளிமயில்.

அப்போ சண்முகையாவுக்குத் தொண்டையில கட்டி வந்துட்டு. ஆபரேஷன் பண்ணுனா உயிர் தங்கும், குரல் தங்காதுன்னுட்டாரு டாக்டர். உலகம்மா பிள்ளையை நினைச்சுப் பாத்தா. அப்பன் கதை சொல்லாம தூங்காத பிள்ளையாச்சே! "ஏங்க, குரல் இருக்கும்போதே ஒரு கதையைக் கம்ப்யூட்டர்ல சொல்லி வச்சிருங்க"ன்னா.

கம்ப்யூட்டரோ கிழடு. கொஞ்ச நேரம் ஓடுனா சூடு ஏறி, டப்! அணைஞ்சிரும். அப்புறம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் ஒரு ஃபேன் கொடுத்தாரு. "சிடி டிரைவைக் கழட்டிட்டு அந்தப் பொந்துல இதை மாட்டுங்க. முன்னாடியிருந்து காத்தை இழுத்து உள்ள விடும். சரிப்படலைன்னா திருப்பிக் கொண்டாங்க."

உலகம்மா மாட்டுனா. சண்முகையா கதையைச் சொன்னான். கம்ப்யூட்டர் அணையலை. ஆனா போட்டுக் கேட்டா, கொரகொர கொரகொரன்னு ஃபேன் சத்தம்தான். குரலே கேக்கலை.

அப்புறம் ஃபேனை நிறுத்திட்டுச் சொல்லச் சொன்னா. பாதிக் கதையில, டப்! சொன்னது அம்புட்டும் போச்சு. சண்முகையா இருமுனான், துண்டுல ரத்தம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னும் ஒரு தடவைக்குத்தான் தொண்டை தாங்கும். கேக்கியா? ம்.

கடையில திருப்பிக் கொடுத்திருவோம்னு உலகம்மா அழுதுகிட்டே ஃபேனைக் கழட்டப் போனா. அப்போ பாக்கா, இறக்கையில என்னமோ சிக்கியிருக்கு. கேந்திப்பூ இதழ்! ஆயுத பூசைக்குக் கம்ப்யூட்டருக்குப் போட்ட மாலை, சருகா முன்னாடியே தொங்குது. பூசை மாலையை நாமளா எடுக்கப்படாது, தானா உதிரணும்னு அந்த வீட்டு வழக்கம். காத்தோட சேத்து அந்தச் சருகையும்லா ஃபேன் இழுத்திருக்கு, அதான் அந்தக் கொரகொர!

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாமி மாலையை எடுக்கவா? அவ புருஷனைத் திரும்பிப் பாத்தா. "எடு உலகு"ன்னான் சண்முகையா. "சாமிக்கும் பிள்ளைகுட்டி உண்டும்லா."

எடுத்தா. கால் படாம வேப்பமரத்து அடி மூட்டுல கொண்டு வச்சா. இறக்கையைத் துடைச்சு மறுபடி மாட்டுனா. விர்ர்ர்னு மெல்லிசாச் சுத்துச்சு. கம்ப்யூட்டர் மேல கையை வச்சுப் பாத்தா, சூடே இல்லை. சண்முகையா மைக்கைப் பிடிச்சு, பிள்ளை ம் சொல்ல இடம் விட்டு விட்டுக் கதையைச் சொன்னான். கடைசி வரைக்கும் கம்ப்யூட்டர் அணையலை.

அப்புறம் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தான். பேச்சு இல்லை. பிள்ளை படுக்குற நேரத்துல உலகம்மா கதையைப் போட்டுவிட்டா. இனிமே கம்ப்யூட்டரே போதும்னு பிள்ளை அப்பனை விட்டுருமோன்னு அவளுக்குப் பயமான பயம். ஸ்பீக்கர்ல குரல் வந்துச்சு. வள்ளிமயில் எந்திரிச்சு அப்பன் மடியில ஏறி, அவன் மூஞ்சியையே பாத்துகிட்டு "ம்"னுச்சு. அடுத்த ம்மும் அவன் மூஞ்சியைப் பாத்துத்தான். உலகம்மா முந்தானையை வாயில வச்சுகிட்டு அழுதா.

அம்புட்டுதான் ட்டி. அந்தப் பிள்ளை தூங்கிட்டு, கதையும் தூங்கிட்டு. நீயும் தூங்கு.